மலை வந்துச்சா?

“…அதெல்லாம் அப்புறம் அண்ணே. முதல்ல துடைச்ச துணியக் காட்டு” என்றார் டச்சுக்காரர்.

அன்று சனிக்கிழமை, உச்சி வெயில் நேரம். நாலு மணிக்கு அவரை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக கார் வருகிறது. என் கடை மேஜைமேல் அவர் வரைந்த படம் கிடக்கிறது. படத்தில் எங்கள் ராஜகிரி மலை. அந்த மலையின் தோளில் என் கை பட்ட இடம் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது.

இதற்குமேல் போவதற்கு முன்னால் நான் யார், அவர் யார், துணி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் வந்தவர் பந்தியில் முழித்த கதையாகிவிடும்.

செஞ்சியில் படத்துக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டித் தருகிறவன் நான். கடைக்குள் நான் நின்றால் வந்தவர் வெளியேதான் நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். சாமி படம், கல்யாணப் படம், பட்டம் வாங்கின பிள்ளை படம், தவறிப்போனவர் படம், நாலும் வரும். எனக்கு எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மீதியைக் கடைக்கு வந்தவர்கள் வாயிலிருந்துதான் படித்தேன். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை விட்டுவிட்டால் போதும், கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். ஒரு விவசாயி மாட்டிய படத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து, “சாமி சாஞ்சாப்ல இருக்குது. நாங்க கழுத்த ஒடிச்சிக்கினு கும்பிட வேண்டியதா இருக்குது” என்றார். அது என்னிடம் இருக்கிறது. அந்த மாதிரி ஒரு கோணி நிறைய இருக்கிறது. “இத எடைக்குப் போட்டாக்கூட எவனும் வாங்க மாட்டான்” என்பது என் வீட்டுக்காரியின் வார்த்தை. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

டச்சுக்காரர் பதினோரு வருஷமாக, மார்கழிக்கு முன்னால் வந்து மாசி கழிந்து போகிறவர். எழுபதைத் தாண்டியவர். தண்ணீர்க் கலரில் படம் வரைவதுதான் அவர் பிழைப்பு. முதன்முதலில் புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போனவர், ஜன்னல் வழியாக ராஜகிரியைப் பார்த்ததும் கத்தி பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டாராம். பை பஸ்ஸோடு போய்விட்டது. “அவுரு பையி திருவண்ணாமலை போயி கிரிவலம் சுத்திட்டு மறுநாள் வந்துச்சு” என்று எதிர்க்கடை டீக்காரர் இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுவார்.

அந்த டீக்கடையில்தான் அவர் தமிழ் கற்றார். அங்கே எல்லாரும் எல்லாரையும் அண்ணே என்பார்கள், வா போ என்பார்கள். அதனால் இவரும் என்னைவிடப் பதினைந்து வயது பெரியவராக இருந்துகொண்டு என்னை அண்ணே என்பார், அதே மூச்சில் “நீ சும்மா இரு” என்பார். என் வீட்டுக்காரியையும் ஒருநாள் “அண்ணே, குழம்புல உப்பு இல்ல” என்றார். அவள் ஒரு வாரம் சிரித்தாள்.

என்னிடம் அவர் வந்தது பலகைக்காக. தாளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்தோடு பலகையில் பரத்தி, நாலு ஓரமும் பசைத்தாள் ஒட்டிவிடுவார். காய்ந்தால் தாள் மேளத்தோல் மாதிரி விறைப்பாகும். நான் விரலால் தட்டிப் பார்ப்பேன். “தட்டாத அண்ணே, அது கல்யாண மேளம் இல்ல” என்பார். தண்ணீர் பட்டால் வளையாத பலகை அவருக்கு வேண்டும். வருஷா வருஷம் நாலு வெட்டித் தருவேன்.

முதல் வருஷம் எங்கள் போர் தண்ணீரில் கலரைக் கரைத்து வரைந்தார். காய்ந்ததும் படமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துவிட்டது. அதிலிருந்து என் கடைக் கேனிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போவார். “மலைக்குக் கேன் தண்ணி, நமக்கு உப்புத் தண்ணி. நல்லா இருக்குதுய்யா நியாயம்” என்று டீக்காரர் கிண்டல் செய்வார்.

அவர் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், மீதிக்குக் கை. பத்து வயதிலேயே தாய் தகப்பன் இல்லை. எட்டு வயது மூத்த அக்காதான் வளர்த்தார்கள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, தம்பிக்கு ஒரு கலர்ப் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வில்லை. அந்தத் தகரப் பெட்டியைத்தான் இன்னும் வைத்திருக்கிறார், மூடி ஓரம் துருவேறியிருக்கும். பெரியவனானதும் இருபது வருஷம் படகுகளுக்குப் பெயர் எழுதியிருக்கிறார். பிறகுதான் முழு நேரமும் படம். அவர் ஊரில் அவர் வரையும் வானத்தை வாங்க ஆள் உண்டாம்.

“எங்க ஊர்ல வானம் வரைஞ்சா போதும் அண்ணே. கீழ ஒரு கோடு போட்டா நாடு வந்துடும்” என்றார் ஒருமுறை. “மலை கிடையாது. நான் சின்ன வயசுல ஏறின பெரிய மேடு கால்வாய்க் கரை. தண்ணியில வானம் வரும், மேகம் வரும். கல்லு எப்படி வரும்? அதுக்குத்தான் வந்துக்கினு இருக்கேன்.”

அவருக்குக் கோட்டை வேண்டாம், மண்டபம் வேண்டாம், களஞ்சியம் வேண்டாம். ராஜகிரியின் கிழக்குத் தோள் மட்டும்தான். விடிந்ததும் ஏழெட்டு நிமிஷம் அந்தப் பாறையில் வெயில் படும்போது, உள்ளே யாரோ விளக்கு வைத்த மாதிரி இருக்கும். பிறகு சாதாரணக் கருங்கல்லாகிவிடும். அந்த ஏழெட்டு நிமிஷத்தைப் பிடிக்க ஒரே வரப்பில் ஒரே இடத்தில் பதினோரு குளிர்காலம் உட்கார்ந்தார். தூரிகையை வாயில் வைத்து நுனியைக் கூராக்குவார். “கலர் விஷங்க ஐயா” என்று நான் சொன்னால், “உங்க பஜ்ஜியவிடவா?” என்பார்.

அவரிடம் வெள்ளைக் கலரே கிடையாது. அதைப் பற்றி நான் கேட்டபோது சொன்னது என் காலண்டர் தாளில் இருக்கிறது. “வெள்ளைன்னா நான் தொடாம விட்ட இடம் அண்ணே. தொட்டுட்டா திரும்பி வராது.”

அக்காவிடமிருந்து அவருக்கு ஃபோன் வரும், எங்களுக்குச் சாயங்கால நேரத்தில். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பேசுவார். அந்த அம்மா முதலில் கேட்பது ஒரே கேள்விதானாம். மலை வந்துச்சா? இவர் தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ சொல்லுவார். வரவில்லை என்று அர்த்தம். நாங்களும் பழகிவிட்டோம். ஃபோனை வைத்ததும் டீக்காரரே கேட்பார், “இன்னா ஐயா, மலை வந்துச்சா?” வரவில்லை என்றால், “அது எங்கயும் போவலியே, அங்கதான நின்னுக்கினு இருக்குது. இவரு இன்னா வரலேங்கிறாரு” என்று எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். எத்தனையோ படம் வரைந்தார். ஒன்றுகூட அக்காவுக்குப் போகவில்லை. வராத மலையை அக்காவுக்கு எப்படிக் கொடுப்பது என்பது அவர் கணக்கு.

இந்த வருஷம் அவர் முகம் சரியில்லை. அக்காவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாது. கட்டிலுக்கு எதிரே ஒரு வெற்றுச் சுவர். “அடுத்த குளிருக்கு இருப்பாங்களா தெரியல அண்ணே” என்றார். அவர் வரைவார், கிழிப்பார். அஞ்சு படம் கிழித்தார். ஊருக்குப் போகிற நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

புதன்கிழமை காலையில் வரப்பிலிருந்து நேராக டீக்கடைக்கு வந்தார். பலகையை இரண்டு கையிலும் தாம்பாளம் மாதிரி ஏந்தியிருந்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார், “வந்துடுச்சு.”

நான் எட்டிப் பார்த்தேன். படம் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அந்தத் தோளைப் பார்த்தபோது என் முகத்தில் வெயில் பட்ட மாதிரி இருந்தது. டீக்காரர் வாயைத் திறந்தார், ஒரு கிண்டலும் வரவில்லை. “ஐயாவுக்கு ஒரு ஸ்ட்ராங்கு” என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை காலையில் படத்தைப் பலகையோடு என்னிடம் கொடுத்தார். சனிக்கிழமை மத்தியானம் வந்து வாங்கிக்கொள்வதாகவும், அதுவரை மண்டகப்பட்டுக் குகைப்பக்கம் பென்சிலில் கொஞ்சம் கிறுக்கப் போவதாகவும் சொன்னார். போகும்போது இரண்டு தடவை சொன்னார்: “கண்ணாடி தாளத் தொடக்கூடாது. நடுவுல அட்டை வை. வேற ஒண்ணும் செய்யாத.” நான், “பதினோரு வருஷமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா ஐயா?” என்றேன். இதுவும் ஒரு வார்த்தைதான். எழுதி வைக்கவில்லை. ஆனால் மறக்காது.

எங்கள் பக்கம் படத்தைத் துடைப்பது என்றால் மரியாதை. வெள்ளிக்கிழமையானால் வீட்டுக்கு வீடு ஈரத்துணியால் சாமி படத்தைத் துடைத்து மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். என் தொழிலிலும் கண்ணாடிக்குள் போவதற்கு முன்னால் துடைத்தே ஆக வேண்டும். உள்ளே மாட்டின தூசி ஆயுசுக்கும் உள்ளேதான். இப்போது வருகிற படமெல்லாம் வழவழவென்று பிளாஸ்டிக் தோலோடு வருகிறது, ஈரத்துணிக்கு அசையாது. மேஜைக்குக் கீழே பக்கெட்டில் போர் தண்ணீர், அதன் விளிம்பில் ஒரு பழைய வேட்டித் துணி. முப்பது வருஷமாக என் வலது கை தானாகக் கீழே போய், தானாக மேலே வந்து, தானாகத் துடைக்கும். என்னைக் கேட்காது.

அந்த வியாழக்கிழமை பதினோரு மணி இருக்கும். ஒரு அம்மா புருஷன் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு வந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் வருகிறது. நான் அளவு கேட்டேன், எந்தச் சுவர் என்று கேட்டேன். அந்த அம்மா படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எந்தச் செவுரா இருந்தா இன்னா? உசுரோட இருந்தப்ப ஒரு எடத்துல நின்னதில்ல. இப்பவாச்சும் ஆணியடிச்சி நிக்க வையிங்க” என்றார்கள்.

ஆஹா என்று என் மனசு துள்ளியது. இதை எழுதியாக வேண்டும் என்று காலண்டர் பக்கம் கண் போனது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கை கீழே போயிருக்கிறது, மேலே வந்திருக்கிறது. மேஜைமேல் அந்த அம்மாவின் படம் இல்லை, அது இன்னும் அவர்கள் கையில்தான் இருந்தது. மேஜைமேல் இருந்தது மலை.

ஒரே இழுப்பு. வலமிருந்து இடமாக, ஒரு உள்ளங்கை அகலம்.

நான் குனிந்தபோது தோள் இல்லை. அந்த இடத்தில் ஒரு அழுக்குச் சாம்பல், அதற்குள் ஈரம் மினுங்கியது. துணியில் செம்பழுப்பு. “இன்னாங்க ஆச்சு?” என்றார்கள் அந்த அம்மா. “ஒண்ணும் இல்லம்மா” என்றேன். என் குரல் பக்கத்துக் கடையிலிருந்து கேட்ட மாதிரி இருந்தது.

ஃபேனுக்குக் கீழே வைத்தேன். காய்ந்தால் கொஞ்சம் திரும்பி வரும் என்று ஒரு முட்டாள் நம்பிக்கை. காயக் காய இன்னும் மோசமானது. துடைத்த இடத்தின் ஓரத்தில் கோடு கட்டியது, நடுவில் உப்பு பூத்தது. அந்தத் துணியை அலசவும் கை வரவில்லை, எறியவும் மனசு வரவில்லை. ஈரத்தோடு ஒரு செய்தித்தாளில் சுற்றி, ஆணி டப்பாவுக்குப் பின்னால் தள்ளினேன். மறைத்துவிட்டால் நடக்காததாகிவிடும் என்பது மாதிரி.

மத்தியானம் சோறு கொண்டுவந்த வீட்டுக்காரி பார்த்தாள். “யாருய்யா இப்டி பண்ணது?” என்றாள். நான் வலது கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டதில் அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. “இன்னிக்கே சொல்லிடு. நாளைக்குன்னு வச்சின்னா நாளன்னிக்கு ஆவும்.”

அவருக்கு ஃபோன் போட்டேன். வரையப் போனால் அணைத்து வைத்துவிடுவார், அக்கா நேரத்துக்குத்தான் திறப்பார். அணைத்திருந்தது. அது தெரிந்தேதான் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. சாயங்காலமும் ஃபோனைக் கையில் எடுத்தேன். கடையை மூடுகிற வேலை ஒன்று வந்தது, ஷட்டருக்கு எண்ணெய் விடுகிற வேலை ஒன்று வந்தது. அவர் நேரம் தாண்டிப்போனது.

பிறகு பள்ளிக்கூட டிராயிங் வாத்தியாரிடம் போனேன். நல்ல மனுஷர். படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எவ்ளோ நாளா வரையிறாரு இத?” என்றார். பதினோரு வருஷம் என்றேன். படத்தை என் கையில் திருப்பிக் கொடுத்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “நான் தொட்டா எம்மலை ஆயிடும். அவங்க அக்கா கேட்டது அவரு மலைய.”

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்காரி சாமி படங்களை ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு மண்டகப்பட்டுக்குப் போய்விட்டேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ‘ஐயா ஒரு தப்பு நடந்துபோச்சு’ என்று ஆரம்பித்தேன். நடந்துபோச்சு என்றால் தானாக நடந்த மாதிரி இருக்கிறது. ‘தப்பு பண்ணிட்டேன்’ என்று மாற்றினேன். ‘கை தெரியாம’ என்று சேர்த்தேன். கை என்ன யாரோ ஒருவனுடையதா? அதை எடுத்தேன். முப்பது வருஷமாக ஊரார் பேச்சைச் சேர்த்து வைத்திருக்கிற ஆளுக்கு, சொந்தமாக ஒரு வரி கூடவில்லை.

குகைக்கோயில் வாசலில் காவலுக்கு இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வெள்ளக்காரரா? காலயிலயே மேல்சித்தாமூர் பக்கம் பூட்டாரு. இன்னா, கடன் குடுத்தியா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப வாங்கினியா?” என்றார். மேல்சித்தாமூருக்குப் போனேன். சமணர் மடத்துக்கு எதிரே கடை வைத்திருந்த அம்மா, அவர் பழைய சமணத் துறவிகளின் கல்படுக்கை பார்க்கத் தொண்டூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்கு அங்கே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. தேடினேன், கிடைக்கவில்லை. தொண்டூருக்குப் போகாமல் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி, “இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு இருக்க? முன்னாடி எடுத்த ஃபோட்டோ இருந்தா குடுண்ணே. கம்ப்யூட்டர்ல சரி பண்ணி ஃப்ளெக்ஸே போட்டுத் தரேன். கட்டில் நீளத்துக்கு. கீழ ‘அக்காவுக்கு அன்புடன் தம்பி’ன்னு ரோஸ் கலர்ல போட்டுடலாம்” என்றான். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். படத்தை நான் ஃபோட்டோ எடுத்திருக்கவில்லை. எடுத்திருந்தாலும் கொடுத்திருப்பேனா!

அன்று சாயங்காலம் அக்கா நேரம் முடிந்து கொஞ்சம் பொறுத்து ஃபோன் போட்டேன். மணி அடித்தது. எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கொட்டினார். “அண்ணே! அக்காகிட்ட சொல்லிட்டேன். மலை வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். உடனே நர்ஸக் கூப்புட்டு செவுத்துல ஆணி அடிக்கச் சொல்லிட்டாங்க. ஆணி அடிச்சிட்டாங்க அண்ணே!”

வரி வரியாகத் தேய்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

“சாப்டீங்களா ஐயா?” என்றேன்.

“சாப்டேன் அண்ணே, பரோட்டா” என்றார். நாளைக்குப் பார்ப்போம் என்று வைத்துவிட்டார்.

எங்கேயோ, நான் பார்க்காத ஒரு நாட்டில், நான் பார்க்காத ஒரு சுவரில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் ஆணி அடித்தவன் நான். ஒரு ஆணி இப்படி நெஞ்சில் குத்தி நின்றதில்லை. ராத்திரி வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். “இன்னா சொன்னாரு?” என்றாள் வீட்டுக்காரி. “பரோட்டா சாப்ட்டாராம்” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை எழுத வார்த்தை கிடையாது.

சனிக்கிழமை காலையில் எனக்கு இன்னொரு புத்தி வந்தது. இதைச் சொல்லத்தான் கூசுகிறது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஒரு அட்டை வைப்போம், நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டி. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சின்னதாக வெட்டினால் வலது பக்கம் முழுக்க அட்டைக்குக் கீழே போய்விடும். துடைத்த இடமே தெரியாது. அவருக்கு அவசரம், கார் நிற்கும், உறை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டால் ஊருக்குப் போய்த்தான் பிரிப்பார். வெட்டினேன். நல்ல வெள்ளை அட்டை, விளிம்பு பிசிறில்லாமல் வந்தது. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுத்தமாக ஒன்று வெட்டியதில்லை. படத்தின்மேல் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. சட்டத்தைப் பலகைமேல் வைத்துப் பார்த்து, பின்பக்கம் அடிக்க ஆணியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

டீ வாங்கிக்கொண்டு வந்த வீட்டுக்காரி நின்று பார்த்தாள். “தோள வெட்டிட்டு ஃபோட்டோ புடிச்சாப்ல இருக்குது” என்றாள். டீயை வைத்தாள். “அந்தம்மா படுக்கயில கெடந்துக்கினு தெனம் இதத்தான பாக்கும்? பாத்துட்டு, இதுக்கா பதினோரு வருசம்னு நெனச்சிக்கினே போயி சேரும். நீ நல்லா இருப்ப” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் அட்டையை எடுத்தேன். படத்தை அப்படியே, துடைத்த இடம் மேலே தெரிய, மேஜையின் நடுவில் வைத்தேன். ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பஸ்ஸும் நிற்கிற சத்தத்துக்குத் தெருவை எட்டிப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வந்தார். தோளில் பை, வெயிலில் சிவந்த மூக்கு. “இன்னா அண்ணே, ரெடியா?” என்றவர் மேஜையைப் பார்த்தார்.

“நான் துடைச்சிட்டேன் ஐயா” என்றேன். மூன்று நாளாகத் தேடின வரி கடைசியில் இவ்வளவுதான்.

அவர் பையை இறக்கவில்லை. முகத்தில் இருந்த சிவப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் மொழியில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். சின்ன வார்த்தை. திட்டா, அக்காவைக் கூப்பிட்டாரா, எனக்குத் தெரியாது. பிறகு காலி கேன்மேல் உட்கார்ந்தார். எதிர்க்கடையில் டீக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

பேச ஆரம்பித்துவிட்டேன், நான்தான் பேசுகிறவனாயிற்றே. புதுத் தாள் ஊறப்போடுகிறேன் என்றேன். விமானத்தை இரண்டு நாள் தள்ளலாமா என்றேன். அக்காவிடம் ஃபோனில் நானே சொல்கிறேன், நீங்கள் அவர்கள் பாஷையில் எடுத்துச் சொல்லுங்கள் என்றேன். வாத்தியார் சொன்னது, ஸ்டூடியோக்காரன் சொன்னது, அட்டையில் நான் மறைக்கப் பார்த்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். இனி படம் வாங்கினால் வாயைத் தைத்துக்கொள்கிறேன் என்றேன். அப்போதுதான் அவர் கையை உயர்த்தினார்.

“அதெல்லாம் அப்புறம் அண்ணே. முதல்ல துடைச்ச துணியக் காட்டு” என்றார்.

ஆணி டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு அந்தச் செய்தித்தாள் சுருட்டை எடுத்தேன். துணி மொறமொறவென்று காய்ந்திருந்தது. அவர் அதை மேஜைமேல் பிரித்து, கையால் நீவிவிட்டார். ஒரு மூலையில் யார் வீட்டுச் சாமி படத்துக் குங்குமமோ கொஞ்சம். நடுவில் செம்பழுப்பாக, ஓரத்தில் நீலமும் சாம்பலுமாக, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அந்தக் கறை.

“அலசலியா?”

“இல்லீங்க ஐயா. மனசு வரல.”

கார் வருவதற்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. அவர் டீக்கடைப் பக்கம் கையை நீட்டினார். டீக்காரர் ஒரு கண்ணாடி கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார். நான் கேனைச் சாய்க்கப் போனேன்.

“அது வேணாம். பக்கெட் தண்ணி.”

“உப்பு பூக்குமே ஐயா.”

“ஏற்கெனவே பூத்துடுச்சு அண்ணே. நீ சும்மா இரு.”

பக்கெட்டிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் கிளாஸில் எடுத்தார். துணியின் கறை பட்ட இடத்தை மட்டும் அதில் முக்கினார். கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் பிழிந்தார். மறுபடி முக்கி, மறுபடி பிழிந்தார். ஆஸ்பத்திரித் துணி வெளுத்த அக்காவின் தம்பி அல்லவா, பிழிகிற கை அப்படித்தான் இருந்தது. கிளாஸுக்குள் செம்மண் கலங்கின மாதிரி ஒரு நிறம் மெல்ல இறங்கியது, மலையின் தோளிலிருந்து நான் துடைத்தெடுத்த அதே கலர். குங்குமமும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

சட்டைப் பையிலிருந்து தூரிகையை எடுத்து, வாயில் வைத்து நுனியைக் கூராக்கினார். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, பலகை அசையாமலிருக்க அதன் ஓரத்தில் என் கையை வைத்து அழுத்தினார். அப்புறம் கிளாஸுக்குள் தூரிகையைத் தோய்த்து, நான் துடைத்த இடத்தில் முதல் சொட்டை வைத்தார்.